காற்றைக் கூண்டில் அடைத்தல்

நேயர்களுக்கு வணக்கம்.

மீன் பெட்டியில் ஐஸ் சீக்கிரம் உருகாமல் இருக்கிறதே, அந்தப் பெருமை தெர்மாகோலுக்கு உரியதல்ல. அதற்குள் அசையாமல் அடைபட்டுக் கிடக்கும் காற்றுக்கு உரியது. அந்தக் காற்றை இன்னும் இறுக்கிக் கட்டிப்போட முடியுமா?

முடியும். காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றோடு மோதுவதற்குள் ஏறத்தாழ 70 நானோமீட்டர் தூரம் ஓடுகிறது. அதைவிடச் சின்னத் துளைக்குள் அடைத்துவிட்டால், பக்கத்து மூலக்கூறுக்கு வெப்பத்தைக் கைமாற்றும் முன்பே சுவரில் முட்டிக்கொள்ளும். சிலிக்கா ஏரோஜெல், அதாவது மணலில் இருக்கும் சிலிக்காவால் ஆன, பெரும்பாலும் காற்றே நிறைந்த திடப்பொருள், அப்படிப்பட்ட துளைகளால் ஆனது. அசையாத காற்றின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர் கெல்வினுக்கு 0.026 வாட். நல்ல ஏரோஜெல்லுக்கு 0.015 அளவுதான். ஒரு திடப்பொருள் காற்றையே தோற்கடிக்கிறது!

சிலிக்கன் சேர்மத்தை ஆல்கஹாலில் கரைத்து, நீரும் துளி அமிலமோ காரமோ விட்டு வைத்தால் கடல்பாசி இனிப்பு போல ஜெல்லாக உறைந்துவிடும். அதுவரை சுலபம். உலர்த்துவதில்தான் வினை. கோடையில் ஏரி வற்றும்போது களிமண் பாளம் பாளமாக வெடிக்கிறதல்லவா? வெளியேறும் நீரின் பரப்பு இழுவிசை மண்ணைச் சுருக்கி இழுப்பதால் வரும் வெடிப்பு அது. ஜெல்லுக்கும் அதே கதி. 1931-இல் அமெரிக்காவின் சாமுவேல் கிஸ்ட்லர் இதற்கு ஒரு வழி சொன்னார். மூடிய கலத்தில் சூடும் அழுத்தமும் ஓர் எல்லையைத் தாண்டினால் திரவம், வாயு என்ற பேதமே மறைந்துவிடும். பரப்பே இல்லாதபோது இழுப்பது எது? பிறகு அழுத்தத்தை மெல்ல இறக்கினால் கூடு கலையாமல் நிற்கும். எத்தனாலுக்கு இது 240 டிகிரிக்கு மேல், தீப்பிடிக்கும் ஆபத்தோடு செய்யவேண்டிய வேலை. கார்பன் டை ஆக்சைடுக்கு 31 டிகிரியே போதும் என்பதால் இன்று பலரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

கிடைக்கும் துண்டு உறைந்துபோன நீலப் புகை மாதிரி இருக்கும். கையில் எடுத்தால் எடையே தெரியாது. முதல்முறை பார்ப்பவர் விரலால் அழுத்தாமல் இருக்கமாட்டார். அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். நுண்ணிய சிலிக்கா மணிகள் கோத்த சரம் அது. மணியும் மணியும் சேரும் கழுத்து மெலிது.

பாலிமர், அதாவது பிளாஸ்டிக் போன்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுப் பொருள், வந்து பிடிப்பது அந்தக் கழுத்தைத்தான். உலர்த்துவதற்கு முன் ஜெல்லை டை-ஐசோசயனேட் என்ற, பாலிமராக வளரக்கூடிய வேதிப்பொருளின் கரைசலில் ஊறவைத்துச் சூடாக்கினால், அது மணிகளின் மேலிருக்கும் ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) தொகுதிகளைப் பற்றிக்கொண்டு சுற்றிலும் ஒரு பாலிமர் உறையாக வளர்கிறது. நாசாவின் கிளென் ஆய்வு மையத்தில் நிக்கோலஸ் லெவென்டிஸ் குழு 2002-இல் இப்படிச் செய்து வலிமையை 100 மடங்குக்கு மேல் உயர்த்திக் காட்டியது.

இதற்கு ஒரு விலை உண்டு. பாலிமர் கூடக்கூடத் துளை அடைகிறது, சுவர் தடிக்கிறது, எடை ஏறுகிறது, வெப்பம் நடந்துபோகப் பாதை கிடைக்கிறது. வலிமை எண்ணை மட்டும் விளம்பரப்படுத்துபவர்களை நான் நம்புவதில்லை; கடத்துத்திறன் எவ்வளவு ஏறியது என்றுதான் முதலில் கேட்பேன். வெப்பக் காப்புக்குத்தானே இத்தனை பாடு? கழுத்தை மூடும் அளவுக்கு மட்டும் பாலிமர் போதும்.

எங்கே வைப்பது என்பதும் முக்கியம். திரவ நைட்ரஜன் குழாய்க்கு இந்தக் கலப்பு ஜெல்லைச் சுற்றலாம். 500 டிகிரி உலைக்குப் பக்கத்தில் வைத்தால் பாலிமர் கருகிப்போய், மறுபடியும் அந்த அப்பளம்தான் கையில் மிஞ்சும்.