கடல் விலகிய நாட்டின் கதை

நேயர்களுக்கு வணக்கம்.

மாயநாடுகளைக் கற்பனையில் படைக்கும் மிகுபுனைவு நாவல் ஒன்றின் கையெழுத்துப்படியை அண்மையில் படித்தேன். எழுதியவருக்கு இது முதல் நாவல், இன்னும் அச்சேறவில்லை. அதனால் பெயர் எதையும் சொல்லாமல் விஷயத்துக்கு வருகிறேன்.

கதை நடக்கும் நாட்டில் மூன்று தலைமுறைக்கு முன்பே கடல் விலகிப் போய்விட்டது. துறைமுகம் கட்டாந்தரையில் நிற்கிறது. கலங்கரை விளக்கத்தில் சுங்க அதிகாரி குடியிருக்கிறார். படகுகளைக் கவிழ்த்துப் போட்டு, அவற்றின் அடியில் மக்கள் குடித்தனம் நடத்துகிறார்கள். பெண்ணுக்குச் சீதனம் ஒரு படகு. கடனைத் திருப்பித் தராதவனின் படகை ஊரார் கூடி நிமிர்த்தி வைத்துவிடுவார்கள்; கூரை போய்விடும், மானமும் போய்விடும். 'உன் படகு நிமிர' என்பதுதான் அங்கே மிகக் கொடிய சாபம். கடல் போனது என்ற ஒரே செய்தியிலிருந்து சட்டம், திருமணம், வசவு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக முளைக்கின்றன. இப்படி யோசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஒரு வாளையும் ஒரு டிராகனையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, உலகத்தைப் படைத்துவிட்டதாக நினைப்பவர்களே அதிகம்.

ஆனால் நடை தடுக்கித் தடுக்கி விழுகிறது. ஓரிடத்தில் மகன் சொல்கிறான்: "தந்தையே, தாங்கள் அறிந்ததுபோல் நமது நாட்டைவிட்டுக் கடல் விலகி நூறு ஆண்டுகள் ஆகின்றன." சொல்வதோடு விடவில்லை, 'கோபத்துடன் ஆவேசமாகக் கர்ஜிக்கிறான்'. தந்தைக்குத் தெரிந்ததை மகன் ஏன் சொல்ல வேண்டும்? சொல்வதற்கு ஏன் கர்ஜிக்க வேண்டும்? எல்லோருடைய கண்களும் கனல் கக்குகின்றன. காற்று ஓயாமல் ஊளையிடுகிறது. அவையில் செந்தமிழ் பொழியும் அமைச்சர், அடுத்த வரியில் அரசரைப் பார்த்து 'டென்ஷன் ஆகாதீர்கள்' என்கிறார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அது சிரிக்க வேண்டிய இடமல்ல.

இதற்கு நண்பர்கள் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: உலகம் பிரமாதம், நடையைப் பிறகு செப்பனிட்டுக்கொள்ளலாம். இதை என்னால் ஏற்க முடியவில்லை. ரயில் நிலையம் என்று எழுதினால் போதும், மீதியை வாசகரே நிரப்பிக்கொள்வார். கவிழ்ந்த படகுக்குள் விடியும் காலை எப்படியிருக்கும் என்பதற்கு அந்த வாக்கியத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1973-இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். மிகுபுனைவு நாவல் ஒன்றிலிருந்து ஓர் உரையாடலை எடுத்து, சில சொற்களை மட்டும் மாற்றி, அதை வாஷிங்டன் அரசியல்வாதிகளின் பேச்சாக ஆக்கிக் காட்டினார். மாயநாட்டு மனிதர்களின் பேச்சு இவ்வளவு எளிதாக ஊர் மாறுகிறது என்றால், அந்த நாடு அங்கே இருக்கவே இல்லை என்பது அவர் வாதம்.

நம் மரபிலும் இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. தொல்காப்பியத்தின் அகத்திணையியல், பாடலுக்குரியவற்றை முதல், கரு, உரி என்று பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் எல்லாம் கருப்பொருள். கூடலும் பிரிவும் காத்திருப்பும் ஊடலும் உரிப்பொருள். பாடல் என்று வரும்போது இவை ஒன்றைவிட ஒன்று சிறந்தவை என்கிறது நூற்பா. உரிதான் உச்சியில் இருக்கிறது. நம் நாவலாசிரியரிடம் முதலும் கருவும் களஞ்சியம் களஞ்சியமாக இருக்கின்றன. உரி வருகிற இடங்கள்தாம் சொற்பம்.

அது வருகிற இடத்தில் நடக்கும் விந்தையைப் பாருங்கள். நான்காம் அத்தியாயத்தில் ஒரு விதவை, தன் கூரையாகிவிட்ட படகின் வெளிப்புறத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். தாத்தா காலத்துச் சிப்பிகள் பலகையில் இன்னும் ஒட்டியிருக்கின்றன. மறுநாள் கடன்காரர்கள் வரப்போகிறார்கள். பக்கத்துப் படகுக்காரி, நாளைக்கு நிமிர்த்தப்போகும் படகை எதற்குச் சுத்தம் செய்கிறாய் என்று கேட்கிறாள். "நாலு பேர் பார்ப்பார்களே" என்கிறாள் இவள். அவ்வளவுதான். கனலும் இல்லை, கர்ஜனையும் இல்லை, கடல் விலகிய வரலாறும் இல்லை. அந்த நாட்டின் கடன் சட்டம் முழுவதும் எனக்கு அங்கேதான் விளங்கியது. முந்தைய மூன்று அத்தியாயங்கள் அதைத்தான் விளக்கோ விளக்கென்று விளக்கியிருந்தன.

ஆக, இவருக்கு எழுதத் தெரியாமல் இல்லை. யாருக்கும் எதுவும் தேவைப்படாத இடத்தில் உலகத்தைப் பேசவிடும்போதுதான் வாக்கியம் குழறுகிறது. அகராதியை வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மெருகேற்றினால் இது சரியாகாது; பெயரடைகள் இன்னும் பளபளக்கும், அவ்வளவே. சேர்த்துவைத்த தகவல்களை எறிய மனம் வரவில்லை என்றால் அதற்கும் இடமுண்டு. மொழிகளையும் வம்சங்களையும் ஆண்டாண்டுகளாக உருவாக்கி வைத்திருந்த ஆங்கில எழுத்தாளர் டோல்கீன், அவற்றில் பலவற்றை 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற தம் பெருங்கதையின், 1955-இல் வெளிவந்த மூன்றாம் தொகுதியில், கதை முடிந்த பிறகு பின்னிணைப்பாகத்தான் வைத்தார். வேண்டியவர் படிக்கட்டும்.

ஆசிரியருக்கு நான் எழுதியனுப்பியது இதுதான்: நாவலை நான்காம் அத்தியாயத்தில் தொடங்குங்கள். முதல் மூன்றையும் வரைபடத்தோடு சேர்த்துக் கடைசிக்குத் தள்ளுங்கள். அமைச்சரை ஒருமுறை அந்த விதவையின் படகுக்கு அனுப்பிப் பாருங்கள், அவளிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்று கேட்டு எழுதுங்கள். முதல் இரண்டுக்கும் சம்மதித்துவிட்டார். அமைச்சரை அனுப்ப மட்டும் தயங்குகிறார். கதையின் போக்கே மாறிவிடுமாம். மாறட்டும் என்று பதில் போட்டிருக்கிறேன்.

வணக்கம்.