ஓட்டுக்குள்ளேயே செத்துப்போற குஞ்சு: 20-ஆம் நாள் ராத்திரி அடைக்கூடையில என்ன நடக்குது?

(காட்சி: அடைமுட்டை ஒண்ணு, ரொம்பக் கிட்டத்துல. ஓட்டுல மிளகு அளவுக்கு ஓட்டை. உள்ள லேசா அசைவு.)

இந்த ஓட்டையை நல்லாப் பாருங்க. மிளகு அளவுதான். குஞ்சு மூக்கால கொத்தி, வெளிக்காத்தை இழுக்கப் போட்ட வாசல் இது. இது விழுந்ததுல இருந்து குஞ்சு முழுசா வெளிய வர 12 மணி நேரம் ஆகும், சில முட்டைக்கு 24 மணி நேரம்கூட ஆகும். அதுவரைக்கும் அதால ஓடவும் முடியாது, உதறவும் முடியாது. சுருண்டு கிடக்கும்.

(காட்சி: அதே ஓட்டை. ஓரத்துல ஒரு சின்னச் செவ்வெறும்பு. அப்புறம் மூணு. அப்புறம் வரிசை.)

அதே வாசல்ல எறும்பு நுழையுது. காலைல கூடையத் தூக்கிப் பாத்துட்டு, "அடை சரியில்ல, சூடு பத்தல"ன்னு கோழி மேல பழியப் போட்டுடுறோம். பாவம், 20 நாள் சோறு தண்ணி பாக்காம உக்காந்தது அது.

வணக்கம் மக்களே. கத்திரி வெயில்ல கோழிக்கூண்டுக்கு எறும்பு ஏன் படையெடுக்குது, மருந்து தெளிக்காம அதை எப்படி நிறுத்துறதுன்னு பாக்கப் போறோம். கடைசியில ஒரு கரையான் பானை இருக்கு, அதுவரைக்கும் ஓடிப்போயிடாதீங்க.

எறும்புப் பாடம் அரை நிமிஷம்தான். மே மாசம் மண்ணு காஞ்சு வெடிக்கும்போது ஊர்லயே ஈரமா, நிழலா, சாப்பாட்டோட இருக்கிற இடம் எது? உங்க கோழியோட தண்ணிக் கிண்ணத்தடி. அவ்வளவுதான், பாடம் முடிஞ்சது.

ஆனா எந்த எறும்புன்னு தெரியணும். கருப்பா வேகமா ஓடுற பிள்ளையார் எறும்பு தீவனம்தான் திருடும், குஞ்சை ஒண்ணும் பண்ணாது. கட்டெறும்பு கடிக்கும், ஆனா கூட்டமா வந்து முட்டைய மொய்க்கிறது குறைவு. எமன் யாருன்னா சின்னதா செவப்பா இருக்கிற நெருப்பெறும்பு. கூட்டத்துல சிலதுக்கு மட்டும் தலை பொருந்தாத அளவுக்குப் பெருசா இருக்கும், அதை வச்சு அடையாளம் கண்டுக்கலாம். வாயால கவ்விப் புடிச்சுக்கிட்டு, பின்பக்கக் கொடுக்கால இடம் மாத்தி மாத்தி குத்தும்.

இதுல ஒரு சுவாரசியம். நெருப்பெறும்பு நம்ம ஊர் எறும்பே இல்ல. பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 16-ஆம் நூற்றாண்டுல மெக்சிகோவோட அகபுல்கோ துறைமுகத்துல இருந்து மணிலாவுக்குப் போன ஸ்பானியக் கப்பல்ல ஏறித்தான் இது உலகம் சுத்த ஆரம்பிச்சிருக்குன்னு மரபணு ஆராய்ச்சி காட்டுது. மிளகாயும் அமெரிக்காவுல இருந்து வந்ததுதான். குழம்புல எரியுறதும் கால்ல எரியுறதும் ஒரே ஊர்க்காரங்க!

சரி, முக்கியமான சங்கதி. அகழி.

(காட்சி: வேலூர்க் கோட்டை, சுத்தி தண்ணி. அடுத்த காட்சி: தண்ணிக் கிண்ணத்துக்குள்ள நிக்கிற கூண்டுக்கால்.)

வேலூர்க் கோட்டையைச் சுத்தி அகழி வெட்டினாங்கல்ல, அதே சூத்திரம்தான். நம்ம பாட்டிங்க சமையக்கட்டு அலமாரிக் காலைத் தண்ணிக் கிண்ணத்துல வச்சதும் இதுதான். "அது எங்களுக்கும் தெரியும், வச்சோம், ஆனாலும் எறும்பு ஏறுதே"ன்னு சொல்றீங்களா? ஏறும். கத்திரி வெயில்ல அகழி தோக்குறதுக்குக் காரணங்கள் இருக்கு, ஒவ்வொண்ணா வாங்க.

மொதல்ல, தண்ணி வத்துறது. மே மாசம் திறந்த கிண்ணத்துல ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 செ.மீ. தண்ணி ஆவியாயிடும். கொட்டாங்குச்சியில ரெண்டு விரல் தண்ணி ஊத்திட்டு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தீங்கன்னா உள்ள பாசிதான் இருக்கும். அதனால கொட்டாங்குச்சி வேணாம். 1 லிட்டர் பெயின்ட் டப்பா எடுங்க, நல்லாக் கழுவி. காலுக்கும் டப்பாச் சுவருக்கும் நடுவுல எல்லாப் பக்கமும் 4 செ.மீ. இடைவெளி, தண்ணி 5 செ.மீ. ஆழம். இடைவெளி குறைஞ்சா எறும்பு எட்டிப் புடிச்சிடும்.

அடுத்தது தூசி. கோழி மண்ணுல குளிக்கும், தவிடு பறக்கும், இறகு விழும். ரெண்டே நாள்ல தண்ணி மேல ஆடை கட்டிடும், எறும்பு அது மேல நடந்து வரும். தண்ணி தெளிவா இருந்தாலும் எறும்பு உடனே முங்காது. தண்ணியோட மேல்பரப்பு ஒரு தோல் மாதிரி இழுத்துப் புடிச்சிருக்கு, எடை கம்மியான உடம்பு அதுல மிதக்கும். நெருப்பெறும்போட ஒண்ணுவிட்ட சொந்தக்கார எறும்பு வெள்ளம் வந்தா ஒண்ணை ஒண்ணு கவ்விக்கிட்டு தோணி கட்டி மிதக்குது, ராணியையும் புழுவையும் அதுல ஏத்திக்கிட்டு! இதுக்கு மருந்து பாத்திரம் கழுவுற சோப்புத் திரவம். டப்பாவுக்கு 3 சொட்டு. தோல் கிழிஞ்சிடும், கால் வச்ச எறும்பு நேரா அடியில போகும்.

ஆனா சோப்புத் தண்ணிய கோழி குடிச்சா? அங்கதான் குடை. 2 லிட்டர் தண்ணி பாட்டிலோட மேல்பாதிய வெட்டி, கழுத்து வழியா காலை நுழைச்சு, டப்பாவுக்கு மேல 3 விரல் உயரத்துல கம்பியால இறுக்குங்க. தூசி விழாது, கோழி மூக்கு உள்ள போகாது, வெயில் நேராப் படாததால தண்ணியும் மெதுவாத்தான் வத்தும். குடையோட ஓரம் மட்டும் டப்பாவைத் தொடவே கூடாது. தொட்டுச்சுன்னா நீங்களே எறும்புக்குப் படிக்கட்டு கட்டினதா ஆயிடும்.

(காட்சி: கூண்டுக்கு அடியில டார்ச் அடிச்சு. தொங்குற ஒரே ஒரு வைக்கோல், அது வழியா எறும்பு வரிசை.)

இதைப் பாருங்க. நாலு காலுக்கும் அகழி, நாலுக்கும் குடை. தொங்குறது ஒரே ஒரு வைக்கோல்! போர்வைச் சாக்கு, கட்டுக்கயிறு, சுவர்ல ஒட்டுன பலகை, கூரைய உரசுற முருங்கைக் கிளை, எது இருந்தாலும் அது பாலம்தான். கூண்டைச் சுத்தி ஒரு சாண் இடம் காலியா விடுங்க. இன்னொண்ணு, அகழி வைக்கிறதுக்கு முன்னாடியே கூண்டுக்குள்ள எறும்பு இருந்துச்சுன்னா நீங்க எதிரியக் கோட்டைக்குள்ள வச்சுப் பூட்டுறீங்க. படுக்கைய மொத்தமா எடுத்து எரிச்சிட்டு, கூண்டை வெயில்ல உதறிட்டு, அப்புறம் அகழி.

"எதுக்கு இவ்வளவு, பழைய இன்ஜின் ஆயிலை ஊத்தினா வத்தவே வத்தாதே"ன்னு ஒருத்தர் கமென்ட்ல வருவார். வேணாம் சார். கோழி நெஞ்சு இறகுல ஆயில் பட்டு, அது அடையில உக்காந்தா ஆயில் முட்டைக்குப் போகும். முட்டை ஓட்டுல ஆயிரக்கணக்குல நுண்துளை இருக்கு, உள்ள இருக்கிற குஞ்சு மூச்சு விடுறதே அது வழியாத்தான். ஆயில் அதை அடைச்சிடும். எறும்பு பண்ண வேண்டிய வேலைய நீங்க பண்ணினதா ஆயிடும்.

கால் வச்ச கூண்டு இல்ல, தரையில கூடைதானா? அகலமான பிளாஸ்டிக் தாம்பாளத்துல 4 செ.மீ. தண்ணி, நடுவுல 3 செங்கல், அது மேல அடைக்கூடை. கோழி இறங்கி ஏற பலகை சாத்திடாதீங்க, எறும்பும் அதே பலகையில வரும். ஒரு அடி உயரம் கோழி தாவிக்கும். ஆனா 4 செ.மீ. தண்ணி குஞ்சுக்குக் கிணறு. குஞ்சு பொரிச்சு மேல் காஞ்ச உடனே தாயையும் குஞ்சையும் தரைக்கு மாத்திடுங்க. அதுவரைக்கும் தண்ணியில கூழாங்கல்லைப் பரப்பி வைங்க, ஒண்ணு ரெண்டு தவறி விழுந்தாலும் மூழ்காது. கல்லு தாம்பாளச் சுவரையும் செங்கலையும் தொடாம இருக்கணும்.

இனி கூடைக்குள்ள. எறும்பைக் கூப்பிடுறதே வாசனைதான். 7-ஆம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்சுல முட்டையக் காட்டிப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி செவப்பு நரம்பு தெரிஞ்சா கரு இருக்கு. தெளிவா இருந்தா கூமுட்டை, எடுத்துடுங்க. இந்த வெயில்ல கூமுட்டை அழுகி வெடிச்சா, மூணாவது வீட்டு எறும்புக்கும் பத்திரிகை வச்ச மாதிரிதான். 18-ஆம் நாளுக்கு அப்புறம் முட்டையத் திருப்பாதீங்க, காலைல சாயங்காலம் எட்டி மட்டும் பாருங்க. பொரிக்கிற அன்னிக்கு ஈரமான முட்டை ஓடுகளை உடனுக்குடனே எடுங்க, உள்தோல்ல ஒட்டியிருக்கிற ஈரத்துக்குத்தான் எறும்பு மொதல்ல வரும்.

தீவனத்தை மதியம் கூண்டுல வைக்கவே வேணாம். 35 டிகிரிக்கு மேல கோழி மூச்சு வாங்குமே தவிர தின்னாது. காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, சிந்தினதைக் கூட்டிடுங்க. கோழிக்கும் நல்லது, எறும்புக்கும் பட்டினி.

இப்ப மருந்து விஷயம், சுருக்கமா. எறும்பு சாக்பீஸ் கூண்டுக்குள்ள கூடவே கூடாது. முட்டை வைக்கிற கோழி சுண்ணாம்புச் சத்துக்கு அலையும், வெள்ளையா எதைப் பாத்தாலும் கொத்தும். இன்னும் சில ஊர்ல எந்த எறும்புப் பொடியையும் "கமாக்சின்"னு கேட்டு வாங்குறாங்க. அந்த பி.ஹெச்.சி. மருந்தை இந்தியாவுல 1997-லயே தடை பண்ணியாச்சு. பழைய டப்பா பரண்ல இருந்தா தொடாதீங்க.

புத்தையே ஒழிக்கணும்னா பொறி வைங்க. 1 லிட்டர் தண்ணி, 100 கிராம் சர்க்கரை, 10 கிராம் போரிக் ஆசிட். கேரம் போர்டுல தூவுற பவுடர் பல கம்பெனியில போரிக் பவுடர்தான், டப்பாவைப் படிச்சிட்டு வாங்குங்க. "கூடப் போட்டா சீக்கிரம் சாகும்ல"ன்னு கை நீளக்கூடாது. வேலைக்கார எறும்பு வழியிலயே செத்தா ராணிக்கு விஷம் போய்ச் சேராது. 1 சதவீதம்தான் கணக்கு. மூடி போட்ட பாட்டில்ல பஞ்சை நனைச்சு வச்சு, பக்கவாட்டுல 3 மி.மீ. ஓட்டை ரெண்டு போட்டு, அகழிக்கு வெளிய எறும்புத் தடத்துல, கோழி எட்டாத மாதிரி செங்கலுக்கு அடியில வைங்க. வெயில்ல சர்க்கரைத் தண்ணி புளிச்சிடும், 3 நாளைக்கு ஒருதடவை மாத்துங்க. பலன் தெரிய ரெண்டு மூணு வாரம் ஆகும், அதனால முட்டைய அடை வைக்கிற அன்னிக்கே பொறியையும் வச்சிடுங்க. நெருப்பெறும்பு சில நேரம் சர்க்கரையத் திரும்பிக்கூடப் பாக்காது. ஒரு பக்கம் சர்க்கரைத் தண்ணி, இன்னொரு பக்கம் கடலைப் புண்ணாக்கு ஒரு சிட்டிகை வச்சு, அரை மணி கழிச்சு கூட்டம் எங்கன்னு பாத்துட்டு இரையை முடிவு பண்ணுங்க.

"கோழியே எறும்பைத் தின்னுடாதா?" நிறையப் பேர் கேக்குற கேள்வி. கொஞ்சம் தின்னும், ஆனா அதுலயும் வில்லங்கம். கோழிக்கு வர்ற நாடாப்புழுவுல ரெண்டு வகை இருக்கு, அதோட குட்டிப்புழு எறும்பு வயித்துலதான் வளருது. எச்சத்துல இருக்கிற புழு முட்டைய எறும்பு தின்னும், எறும்பைக் கோழி தின்னும், அதுக்கப்புறம் கோழி தின்னத் தின்ன இளைக்கும். எச்சத்துல அரிசி மாதிரி வெள்ளைத் துண்டு தெரிஞ்சா கால்நடை மருந்தகத்துல காட்டி குடற்புழு மருந்து வாங்குங்க, அளவை அவங்கதான் சொல்லணும்.

இனி நம்ம ஹீரோ!

(காட்சி: கவிழ்ந்த மண்பானையைத் தூக்குறாங்க. அடியில வெள்ளையா கரையான். குஞ்சுங்க பாய்ஞ்சு வருது.)

எறும்பைக் கண்டு ஒதுங்குற குஞ்சு கரையானைக் கண்டா எப்படிப் பறக்குது பாருங்க! பழைய பானையில கிழிஞ்ச சாக்கு, காஞ்ச சாணி, சோளத்தட்டை போட்டு, தண்ணி தெளிச்சு, கரையான் நடமாடுற இடத்துல சாயங்காலம் கவுத்து வைங்க. காலைல வெயிலுக்கு முன்னாடி எடுத்துக் கொட்டுங்க, காசில்லாத புரதம். லேட்டாப் போனீங்கன்னா எறும்பு உங்களுக்கு முன்னாடி போய் மொத்தக் கரையானையும் தூக்கிட்டுப் போயிருக்கும். பானையைச் சுத்தி ஒரு விரல் கனத்துக்கு அடுப்புச் சாம்பல் போடுங்க. காஞ்ச சாம்பல் காலுக்கடியில சரியுறதால எறும்பு அதைத் தாண்ட ரொம்பத் தயங்கும், நனைஞ்சா அன்னியோட போச்சு.

உங்க கூண்டுல வர்ற எறும்பு எதுன்னு தெரியலைன்னா, பக்கத்துல ஒரு அஞ்சு ரூபாக் காசை வச்சு போட்டோ எடுத்து, உங்க ஊர்ல அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு கமென்ட்ல போடுங்க. கைய மட்டும் பக்கத்துல வச்சு எடுக்காதீங்க!