சென்சருக்கு ஒரு கவுன்

நேயர்களுக்கு வணக்கம். தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளுக்கு ரோபோவும் பொறியியலும் எப்படிக் கற்பிக்கலாம் என்று பேச அழைத்திருக்கிறார்கள். நான் ஒரு யோகட் கப்பில் தொடங்குகிறேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சின்ன மண்டபத்தில் சனிக்கிழமைகளில் கூடுகிறோம். தமிழ் மொழிமூலப் பிள்ளைகளும் சிங்கள மொழிமூலப் பிள்ளைகளும் ஒரே மேசையில். வெள்ளைத் தாளில் கறுப்பு டேப்பால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின் வழியே தானாக ஓடும் வண்டி செய்தோம். வண்டியின் அடியில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி விடும் சின்ன பல்பும் அதை வாங்கும் சென்சரும் இருக்கும். வெள்ளைத் தாள் ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு டேப் விழுங்கிவிடும். அதை வைத்துத்தான் வண்டி கோட்டைக் கண்டுபிடிக்கிறது.

காலை ஒன்பது மணிக்கு ஒழுங்காக ஓடிய வண்டி, பதினொரு மணிக்குக் கோட்டை விட்டு அலைந்தது. ஜன்னல் வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறதே! காரணம் எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஆசிரியருக்கு அது லேசான வேலையா?

ஒரு பையன் புரோகிராமை மூன்று முறை மாற்றினான். சரிவரவில்லை. அப்புறம் யாரோ திரைச்சீலையை இழுக்க, வண்டி நேரானது. "அப்ப வெயில்தான் டீச்சர்!" என்றான். பக்கத்தில் இருந்த சிங்களப் பிள்ளை, தான் சாப்பிட்ட யோகட் கப்பைக் கழுவி, அடியை வெட்டி, சுற்றிவரக் கறுப்பு டேப் ஒட்டி, வெயில் படாதபடி சென்சருக்கு மாட்டினாள். அவன் பாடப்புத்தகத்தில் படித்த சொல் 'உணரி'. அவள் படித்தது 'சங்வேதகய'. ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்கவில்லை. ஆனால் அவள் கப்பைக் காட்டி 'கவும' என்றதும் அவன் 'ஆ, கவுன்!' என்றான். சென்சருக்குக் கவுன். இப்போது எங்கள் மண்டபத்தில் அதற்கு அதுதான் பெயர்.

1967இல் லோகோ என்ற கணினி மொழியைப் பிள்ளைகளுக்காக உருவாக்கியவர்களில் ஒருவர் சேமர் பேப்பர்ட். பிறந்தது தென்னாப்பிரிக்கா, பிள்ளைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயோடு வேலை செய்தது ஜெனீவா, அப்புறம் அமெரிக்கா. புரோகிராம் ஓடாதபோது சரியா பிழையா என்று பார்க்காமல், எங்கே திருத்தலாம் என்று பிள்ளை தேட வேண்டும் என்பார். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையைத் தாண்டி வந்த நம் பிள்ளைகளுக்கு இது புதிது. முதல் நாள் பல்பு எரியாவிட்டால் கையால் மறைத்துக்கொள்வார்கள்.

ஜப்பானில் கீழ்நிலை உயர்பள்ளியில், அதாவது தரம் 7 முதல் 9 வரை, தொழில்நுட்பமும் மனையியலும் சேர்ந்து ஒரே பாடம். மின்சுற்றும் தையலும் ஆண், பெண் எல்லாருக்கும். நம் பாடத்திட்டத்திலும் 'செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள்' என்று அருமையான பாடம் இருக்கிறது. அந்தப் பாடவேளையை இரவல் கேட்பது கணித ஆசிரியர்கள்தான். நானும் கணித ஆசிரியை, நானும் கேட்டிருக்கிறேன்.

பிரித்தானியாவில் 2016இல் மைக்ரோபிட் என்ற சின்ன கணினிப் பலகையை ஏறத்தாழ பத்து லட்சம் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இங்கே நான் பார்த்த ஒரு பாடசாலையில் ரோபோ செய்யும் பாகங்கள் உள்ள பெட்டியைப் பிரிக்காமல் அலுமாரியில் பூட்டியிருந்தார்கள். பழுதாகிவிடுமாம்! பழுதானால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் உதிரிப்பாகம் தேடலாம். பழைய பிரிண்டரைப் பிரித்தாலே இரண்டு மோட்டர் கிடைக்கும்.

வெளிநாட்டுப் பெட்டியோடு வரும் புத்தகத்தில் கேள்வியும் வெளிநாட்டுக் கேள்வியாகவே இருக்கும். அதை ஒரு நாள் மூடி வைத்துவிட்டு, "உங்கள் வீட்டில் என்ன தொல்லை?" என்று கேட்டேன். "பிளாட்ஸ் தண்ணீர்த் தாங்கி வழியுது, மேல்வீட்டு அன்ரி கத்துறா" என்றான் அதே பையன். சரி, ஒலியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து நீர்மட்டம் அளக்கும் சென்சர் ஒன்று இருக்கிறது. வரும் சனிக்கிழமை ஆளுக்கொரு வாளி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மண்டபக் காவலாளி ஐயாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நன்றி, வணக்கம்.