பகலில் தாயோடு, இரவில் பலகைக்கு அப்பால்

வணக்கம் நேயர்களே.

பொகவந்தலாவையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு மாட்டுப்பட்டி இருந்தது. எனக்கு எட்டு வயதிருக்கும்போது அங்கே ஒரு கிடேரிக் கன்று பிறந்தது. கடைக்கடன் நெருக்கிய மாதம் அது. மூன்றாம் நாளே கன்றைப் பிரித்து, பாலை விற்றுவிட்டு, அதற்குச் சோற்றுக் கஞ்சி ஊற்றினோம். கழிச்சல் கண்டு ஒரு வாரத்தில் செத்துப்போனது. கஞ்சியின் மாவுச்சத்தைச் செரிக்க இளங்கன்றின் வயிற்றுக்குத் தெரியாது என்பதை நான் பல வருடங்கள் கழித்தே படித்தேன். சில லீற்றர் பாலுக்காக ஒரு கறவைப் பசுவையே இழந்திருந்தோம்.

பெரிய பண்ணைகளில் பிறந்த அன்றே கன்றைப் பிரிப்பது வழக்கம். இப்போது நோர்வே, ஜெர்மனி, நெதர்லாந்து விவசாயிகள் சிலர் கன்றைத் தாயோடு விட்டு வளர்க்கிறார்கள். இரண்டு மாடு வைத்திருக்கும் நமக்கு இது இன்னும் சுலபம்.

முதலில் சீம்பால். கருவில் இருக்கும்போது பசுவின் நோய் எதிர்ப்புச் சக்தி கன்றுக்குப் போவதில்லை, சீம்பாலில்தான் போகிறது. அதை உறிஞ்சும் திறன் மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டுக்குச் சீம்பால் காய்ச்சிக் கொடுப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் கன்று வயிறு நிறையக் குடித்த பிறகு கொடுங்கள். காளைக் கன்றானாலும் அப்படித்தான்.

பிறகு இந்த முறை. மாலையில் கன்றைப் பலகைத் தடுப்புக்கு அப்பால் கட்டுங்கள். விடியற்காலையில் ஓரிரு நிமிடம் ஊட்டவிட்டால் பசு பாலை இறக்கும். கறந்து முடித்ததும் கன்றை அவிழ்த்துவிட்டு நீங்கள் தோட்டத்தில் காலை வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகலாம். பறித்த கொழுந்தை எடைபோட்டுத் திரும்பும்வரை கன்று தனக்கு வேண்டியபோதெல்லாம் குடிக்கும். காம்பில் சப்பிக் குடிக்கும் பால் முதல் வயிற்றில் தேங்காமல் நேராகப் பால் செரிக்கும் நான்காம் வயிற்றுக்கே போகும்.

நட்டமும் உண்டு, மறைக்க மாட்டேன். மாலைக் கறவை உங்களுக்கு இல்லை. கடைசியாக இறங்கும் பாலில்தான் கொழுப்பு அதிகம். அது கன்றுக்குப் போவதால் சேகரிப்பு நிலையத்தில் உங்கள் பாலின் கொழுப்பு அளவு குறையலாம், விலையும் குறையலாம். அந்த சில மாதங்களுக்கு வீட்டுக் கணக்கை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மடிநோய் கண்ட பசுவானால் கால்நடை வைத்தியரைக் கேட்காமல் ஊட்டவிடாதீர்கள்.

பால் மறக்கடிப்பதை ஒரே நாளில் செய்யாதீர்கள். கன்று நாளுக்கு ஒரு கிலோ தீவனம் தின்னத் தொடங்கியதும், இரண்டு வாரத்தில் சேர்ந்திருக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள்.

நுவரெலியாப் பக்கம் தை மாதக் குளிரில் இரவில் தனியே கட்டும் கன்றுக்குக் காய்ந்த மானாப் புல்லைத் தடிப்பாக விரியுங்கள். பலகைகளுக்கு நடுவே நாக்கு நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். என் பசு முதல் இரண்டு இரவும் கத்தியது. மூன்றாம் இரவு, அந்த இடைவெளி வழியே கன்றின் நெற்றியை நக்கிக்கொண்டே படுத்துவிட்டது.