அழுத்தினால் அணைந்துவிடும் ரேடியோ

நேயர்களுக்கு வணக்கம். ராணுவத்தில் மின் சாதனங்களையும் தகவல் தொடர்புக் கருவிகளையும் பழுது பார்க்கும் மெக்கானிக்காகப் பல ஆண்டுகள் இருந்தவன் நான். அந்த வேலையைப் பற்றிப் பேச அழைத்தார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஒரு வண்டி ரேடியோ.

அப்போது நான் வேலைக்குப் புதிது. அந்த செட் மூன்றாவது முறையாக ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தது. அதில் கட்டியிருந்த சீட்டில் ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தது. மேசையில் வைத்து கரண்ட் கொடுத்தால் நன்றாகப் பேசும். வண்டியில் மாட்டினால், அனுப்பும் பொத்தானை அழுத்தியதுமே அணைந்துவிடும். முந்தைய இரண்டு முறையும் செட்டைத் திறந்து உள்ளே இருந்த கார்டுகளை, அதாவது மின்சுற்றுப் பலகைகளை, மாற்றிப் பார்த்து, ‘சரி’ என்று எழுதி அனுப்பியிருந்தேன்.

இந்த முறை எங்கள் மூத்த மெக்கானிக், “செட்டை அப்படியே வை. மீட்டரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு வா” என்றார். ராணுவ வண்டிகளில் பெரும்பாலும் 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாக இணைத்திருப்பார்கள். அளந்தேன், 25 காட்டியது. “நன்றாகத்தானே இருக்கிறது, ஐயா” என்றேன். “பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு, செட்டுக்குள் நுழையும் இடத்தில் அள” என்றார். அழுத்தியதும் முள் 20-க்கு இறங்கியது. பேட்டரியிலோ இறக்கமே இல்லை. அப்படியென்றால் நடுவில் எங்கோ 5 வோல்ட் தொலைகிறது.

கணக்கு எளிதுதான். பிறர் பேசுவதைக் கேட்கும்போது அந்த செட் எடுப்பது அரை ஆம்பியர். அனுப்பும்போது 10 ஆம்பியர். வழியில் ஒரு மோசமான இணைப்பு அரை ஓம் தடை கொடுத்தால், கேட்கும்போது கால் வோல்ட்தான் குறையும், யாருக்கும் தெரியாது. அனுப்பும்போது 5 வோல்ட் போய்விடும். கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியாக வண்டியின் உடம்போடு சேரும் எர்த் பட்டையைக் கழற்றினால், அதன் அடியில் பெயின்ட்டும் துருவும். சுரண்டிப் பளபளப்பாக்கி இறுக்கினோம். அவ்வளவுதான். நான் மாற்றிய கார்டுகள் எல்லாம் வீண்.

இந்த வேலையில் பழுதைப் பெட்டிக்கு உள்ளே தேடுவதற்கு முன் வெளியே தேட வேண்டும் என்பதை அன்றுதான் கற்றேன். ராணுவக் கருவி மேசை மேல் வாழ்வதில்லை. குலுங்குகிறது, நனைகிறது, வெயிலில் காய்கிறது, அவசரத்தில் தூக்கி எறியப்படுகிறது. அதனால் கனெக்டரும் கேபிளும் ஆன்டெனாவின் அடிப்பகுதியும்தான் முதலில் சாகின்றன. ஆன்டெனா கேபிளுக்குள் நீர் இறங்கினால், அனுப்பும் சக்தியில் ஒரு பங்கு வெப்பமாகிவிடும், ஒரு பங்கு செட்டுக்கே திரும்பி வரும். பேசுபவருக்கு எல்லாம் சரியாகத் தோன்றும். எதிர்முனையில்தான் குரல் கேட்காது.

களத் தொலைபேசிக் கம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்த பொருள் அது. பரவலாகப் புழங்கிய ஒரு வகையில் ஒவ்வொரு கம்பிக்குள்ளும் 7 இழைகள்: 4 செம்பு, 3 எஃகு. செம்பு குரலைக் கடத்தும், எஃகு இழுவையைத் தாங்கும். அறுந்தால் முதலில் முடிச்சுப் போட வேண்டும், அப்புறம்தான் இழைகளை முறுக்க வேண்டும். முடிச்சு இழுவையை வாங்கிக்கொண்டால் இணைப்பு பிழைக்கும். அந்தத் தொலைபேசியில் பேச 1.5 வோல்ட் செல் இரண்டு போதும். ஆனால் மணி அடிக்கக் கைப்பிடியைச் சுற்றினால் 80 வோல்ட்டுக்குக் குறையாத ஏசி மின்சாரம் புறப்படும். நீங்கள் கம்பியைக் கையில் பிடித்திருக்கும் நேரம் பார்த்து எதிர்முனையில் ஒருவர் சுற்றினால் கை உதறிவிடும்.

ஆபத்து என்று பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேட்டரி வேலைக்குப் போகும்போது மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள். 24 வோல்ட் உடம்பை அதிகம் தாக்காது என்று அலட்சியமாக இருப்பார்கள். ஆனால் மோதிரம் பேட்டரி முனையைத் தொடும் ஸ்பேனருக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவில் சிக்கினால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். விரலே போய்விடும்.

இன்று பல கருவிகள் தாமாகவே சோதித்து எந்த கார்டு பழுது என்று சொல்லிவிடுகின்றன. நல்லதுதான்; களத்தில் நேரம் உயிர். ஆனாலும் புதிதாக வரும் பிள்ளைகள் மீட்டரை மறக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். செட்டின் சுயசோதனைக்கு வண்டியின் எர்த் பட்டை தெரியாது.

அந்த வண்டி ரேடியோவுக்கு வருகிறேன். வேலை முடிந்து செட்டை ஒப்படைக்கும்போது, அதை இயக்கும் சிப்பாயிடம், “இது எப்போதிலிருந்து இப்படி, தம்பி?” என்று பெரியவர் கேட்டார். அவன் யோசிக்கவே இல்லை. “வண்டிக்குப் பெயின்ட் அடித்து வந்த நாளிலிருந்துதான், ஐயா” என்றான். மூன்று முறை செட்டை வாங்கி வைத்த நான், அவனிடம் ஒரு முறைகூட அதைக் கேட்கவில்லை.