முதல் ஏஆர் வாங்குவதற்கு முன்

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவில் முதல் முறையாக ஏஆர் துப்பாக்கி வாங்க நினைப்பவர் கடைக்குள் நுழைந்ததும் "எந்தக் கம்பெனி நல்லது?" என்றுதான் கேட்பார். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. எங்கே போய்ச் சுடப் போகிறீர்கள், மாதம் எத்தனை தோட்டா சுடுவீர்கள், வீட்டில் எதற்குள் பூட்டி வைப்பீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் கம்பெனிப் பெயர் தானாக வந்துவிடும்.

பெயரை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஏஆர் என்பது ஆர்மலைட் ரைஃபிள் என்பதன் சுருக்கம். யூஜின் ஸ்டோனர் வடிவமைத்தது. 1959-இல் ஆர்மலைட் அதன் உரிமையைக் கோல்ட் நிறுவனத்துக்கு விற்றது. இன்று கடையில் விற்கிற ஏஆர், விசையை ஒரு முறை இழுத்தால் ஒரே ஒரு குண்டுதான் சுடும். பட்டாளத்துக்காரர் கையில் இருப்பது போலப் படபடவென்று பொழியாது.

அடுத்தது, கேட்டுக்கொண்டிருக்கும் பலருக்கு நேரடியாகப் பொருந்துவது. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. ரேஞ்ச் எனப்படும் சுடும் பயிற்சி இடத்தில் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் 'வைத்திருத்தல்'தான். கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை. அப்படியானால் குடியுரிமை பெற்ற நண்பர் பெயரில் வாங்கிக்கொள்ளலாமா? கூடவே கூடாது. அது பினாமி வாங்கல். 2022-இல் வந்த சட்டப்படி 15 ஆண்டு வரை சிறை. கடையில் நிரப்பும் 4473 என்ற படிவத்தில் "இதை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?" என்றே கேட்டிருப்பார்கள். அதில் பொய் எழுதுவது தனிக் குற்றம். அதே படிவம் கஞ்சா பழக்கம் உண்டா என்றும் கேட்கும். உங்கள் மாநிலத்தில் கஞ்சா அனுமதிக்கப்பட்டதாக இருக்கலாம். அந்தப் படிவத்துக்கு அந்த அனுமதி செல்லாது.

மாநிலச் சட்டங்களும் ஒரே மாதிரி இல்லை. டெக்சாஸில் சாதாரணமாக வாங்குவதை கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய் போன்ற இடங்களில் அதே உருவில் வாங்க முடியாது. வேலை மாறி வேறு மாநிலத்துக்குப் போகிறீர்களா? பெட்டி கட்டுவதற்கு முன் அந்த ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள்.

இப்போது குழலுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், குழம்புகிற இடம் இதுதான். குழலின் மேல் ஓர் எண் பொறித்திருப்பார்கள். .223 ரெமிங்டன் என்று இருக்கலாம், 5.56 நேட்டோ என்று இருக்கலாம், .223 வைல்டு என்றும் இருக்கலாம். தோட்டாக்களை அருகருகே வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் தோட்டா உட்காரும் அறையில் இருக்கிறது. 5.56 அறையில் குண்டுக்கும் குழலின் உள்வரிகளுக்கும் நடுவே கொஞ்சம் கூடுதல் இடம் விட்டிருப்பார்கள். .223 அறையில் அந்த இடம் குறைவு. அதில் 5.56 தோட்டாவைப் போட்டால் குண்டு உள்வரிகளைச் சீக்கிரம் தொடும், அழுத்தம் ஏறும். தோட்டாவின் அடியிலிருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் கழன்று விசைப்பெட்டிக்குள் விழுந்து துப்பாக்கியே நின்றுபோகும் அளவுக்குப் போகலாம். ஆகவே 5.56 அறையில் இரண்டும் போடலாம், வைல்டில் இரண்டும் போடலாம், .223 என்று மட்டும் பொறித்த குழலில் .223 மட்டும். மறுபடி சொல்கிறேன்: அட்டைப்பெட்டியை நம்பாதீர்கள், குழலில் பொறித்ததைப் படியுங்கள்.

அதன் பக்கத்திலேயே 1:7, 1:8, 1:9 என்று இருக்கும். குழலின் உள்வரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றுகின்றன என்பது அதன் பொருள். கிரெயின் என்பது குண்டின் எடை அளவு. 55 கிரெயின் குண்டு மூன்றிலும் நன்றாகப் போகும். 77 கிரெயின் மாதிரி நீளமான குண்டுக்கு 1:8 அல்லது 1:7 வேண்டும். முதல் துப்பாக்கிக்கு 16 அங்குலக் குழல், 1:8 சுற்று போதும். 16-க்குக் குறைந்தால் 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டிவரும். முதல் துப்பாக்கிக்கு அந்த வம்பு எதற்கு?

"ஏஆர் அடிக்கடி சிக்கிக்கொள்ளுமாமே?" என்று ஒரு பேச்சு உண்டு. அதன் வேர் வியட்நாமில் இருக்கிறது. 1960-களின் நடுவில் இதன் பட்டாள வடிவமான எம்-16 அங்கே போனபோது தோட்டாவில் போடும் வெடிமருந்தை மாற்றினார்கள். புது மருந்து கரியை அதிகம் விட்டது, தோட்டாவை அறைக்குள் தள்ளி மூடும் போல்ட்டையும் கூடுதல் வேகத்தில் ஓட்டியது. அறைக்கு குரோம் பூச்சு இல்லை. வியட்நாம் ஈரத்தில் அறை துருப்பிடித்தது. இவ்வளவுக்கும் மேல், இந்தத் துப்பாக்கியைச் சுத்தம் செய்யத் தேவையே இல்லை என்கிற எண்ணம் வேறு பரவியிருந்தது. துடைக்கும் சாமான்கள் போதிய அளவு போகவில்லை. விளைவு? சுட்ட தோட்டாவின் கூடு அறையிலேயே ஒட்டிக்கொண்டது. படைவீரர்கள் துடைப்புக் கம்பியைக் குழலின் வாய்வழியே விட்டு அதைத் தள்ளி எடுக்க வேண்டியிருந்தது, சண்டையின் நடுவில். 1967-இல் இக்கார்ட் தலைமையிலான நாடாளுமன்றத் துணைக்குழு இதை விசாரித்தது. அறைக்கு குரோம் பூசினார்கள், எண்ணெயும் துடைப்புச் சாமானும் போயின, துப்பாக்கி ஓடியது. இன்றைக்கும் அது பொருந்தும். ஏஆரில் வாயு நேராக போல்ட் மேலேயே வந்து அடிக்கிறது. கரி படியும். கரியோடுகூட ஓடும், எண்ணெய் இல்லாமல் ஓடாது. போல்ட்டைச் சுமந்து முன்னும் பின்னும் ஓடும் போல்ட் கேரியர் உள்ளே உரசிப் பளபளக்கும் வரிகளிலும், போல்ட்டின் வளையங்களிலும் சில துளிகள் விடுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி காலி என்று கடைக்காரர் காட்டிய பிறகு, பின்பக்கத்து ஊசியைத் தள்ளி மேல்பாகத்தைச் சாய்க்கச் சொல்லுங்கள். போல்ட் கேரியர் பின்வழியே உருவி வரும். அதன் தலைமேல் ஒரு சின்னக் குழாய், இரண்டு திருகாணிகளில் நிற்கும். அதற்குக் கேஸ் கீ என்று பெயர். திருகாணிகளைச் சுற்றிய உலோகத்தை உளியால் குத்தி நெருக்கியிருக்க வேண்டும். குத்தவில்லை என்றால் நாளாவட்டத்தில் திருகாணி தளரும், வாயு கசியும், போல்ட் முழுத்தூரம் பின்வாங்காது, அடுத்த தோட்டா ஏறாது. ரேஞ்சில் இதற்கு ஒரு சோதனை: தோட்டா அடுக்கும் மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். போல்ட் பின்னாலேயே நின்றால் சரி. முன்னால் மூடிக்கொண்டால் வாயு, மேகசின், தோட்டா மூன்றில் ஒன்றில் கோளாறு. முதலில் மேகசினை மாற்றிப் பாருங்கள். பல சமயம் குற்றவாளி அதுதான், செலவும் அதற்குத்தான் குறைவு.

செலவு என்றதும் ஒரு சின்னக் கணக்கு. தோட்டா ஒன்று 50 சென்ட் என்று வையுங்கள். மாதம் ஒரு தடவை, தடவைக்கு 100 தோட்டா. வருடத்துக்கு 600 டாலர். ஒரு சாதாரண ஏஆரின் விலையே கிட்டத்தட்ட அதுதான். ரேஞ்ச் கட்டணம், காதுக்கவசம், கண்ணாடி, பூட்டுப்பெட்டி எல்லாம் தனி. இந்தக் கணக்கு கசந்தால் அதே உருவத்தில் .22 ரிம்ஃபயர் என்ற சின்னத் தோட்டாவைச் சுடும் துப்பாக்கி இருக்கிறது. உதைப்பு இல்லை, தோட்டா விலையும் மிகக் குறைவு. விசையை இழுக்கும் பழக்கம் அதில் வந்தால் போதும். பலருக்கு முதல் துப்பாக்கி அதுவாகவே இருக்கலாம் என்பது என் கட்சி. சட்டம் இடம் கொடுத்தால் இரண்டையும் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மான் வேட்டைக்கா? கொலராடோவில் .24 அங்குல விட்டத்துக்குக் குறைந்த குண்டுக்கு மானுக்கு அனுமதி இல்லை, .223 தேறாது. உள்ளரங்க ரேஞ்சுக்கா? குழாயில் அடைபட்ட இடிபோல இருக்கும். காதுக்குள் நுரை அடைப்பானும் மேலே கவசமும் சேர்த்துப் போடுங்கள். உள்ளே எஃகு வைத்த பச்சை நுனித் தோட்டாவைப் பல ரேஞ்சுகளில் விடமாட்டார்கள், காந்தம் வைத்துப் பார்ப்பார்கள்.

வீட்டில் வைப்பது. அலமாரிமேல் துணிக்குப் பின்னால் வைப்பது ஒளித்து வைப்பது, பூட்டி வைப்பது ஆகாது. குழந்தைக்கு அந்த இடம் தெரிந்திருக்கும். பெட்டி துப்பாக்கிக்கு முன்னால் வீட்டுக்கு வரட்டும், தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் யாராவது மனம் உடைந்திருக்கிற காலத்தில் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். முன்பே இருந்தால் துப்பாக்கியை வீட்டில் வைக்காமல் பாதுகாப்பான வேறு இடத்தில் வையுங்கள். இன்னொன்று: ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற பையை ஊருக்குப் போகும்போது எடுக்காதீர்கள். மூலையில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் சென்னை விமான நிலையத்தில் ஆயுதச் சட்ட வழக்கு வரலாம்.

குறி சரிசெய்வது பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். சுருக்கமாக: 25 கஜத்தில் தொடங்குங்கள், காகிதத்தில் படுகிறதா என்று பார்க்க மட்டும். பிறகு 50 கஜம். ஒரு குண்டு தப்பிப் போனதைப் பார்த்துத் திருகைத் தொடாதீர்கள். ஐந்து சுட்டு அவற்றின் நடுவை எடுங்கள். எம்ஓஏ என்பது ஒரு கோண அளவு, 100 கஜத்தில் சுமார் ஓர் அங்குலம். அரை எம்ஓஏ திருகு என்றால் 50 கஜத்தில் ஒரு கிளிக்குக்குக் கால் அங்குலம் நகரும். நடு இரண்டு அங்குலம் கீழே இருந்தால் எட்டு கிளிக் மேலே. 50-இல் சரிசெய்தால் 200 கஜத்தை ஒட்டி மறுபடி குறியில் வரும். லென்ஸ் வாங்குவது பற்றி நேரம் இல்லை. வணக்கம்.