அனகோண்டாவை விடுங்க, ஏழு மீட்டர் கயிறைப் பாருங்க

ஹாய் மக்களே! இன்னைக்கு செம கடுப்புல இருக்கேன். நம்ம அத்தை பையன் மறுபடியும் ஒரு ஃபார்வர்டு அனுப்பிட்டான். "மனுஷனை முழுங்கிய அனகோண்டா", அதுல ஒரு சிவப்பு வட்டம். சிவப்பு வட்டம் பாத்தாலே எனக்கு எப்படிப் பத்திக்கும்னு உங்களுக்கே தெரியும். அனகோண்டா ஆளை முழுங்கினதுக்கு உறுதியான ஆதாரம் ஒண்ணுகூட கிடையாதுப்பா. நிஜமாவே முழுங்கினது இந்தோனேசியாவுல இருக்கிற ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு.

2018, சுலவேசி பக்கத்துல முனா தீவு. 54 வயசு அம்மா ஒருத்தங்க, காட்டுப்பன்னி சோளத்தைத் தின்னுதேன்னு ராத்திரி தோட்டத்துக்குப் போனாங்க. தேடிப் போனவங்களுக்குக் கிடைச்சது செருப்பு, டார்ச், கத்தி. கொஞ்சம் தள்ளி வயிறு உப்பிப்போன பாம்பு, ஏழு மீட்டர்.

அந்த நீளத்தைக் காட்டத்தான் கொடிக்கயிறு வாங்கப் போனேன். கடைக்காரர் அறுத்தே தர மாட்டேங்கறார்! முழுக் கட்டுதான், 20 மீட்டர், 180 ரூபா. "அண்ணே, ஏழு போதும்ணே." "மிச்சத்தை யாரு தலையில கட்டுறது?" பேசிப் பேசி 170க்கு இறக்கினேன். பக்கத்துத் தெருவுல அதே கட்டு 140! வயிறெரியுது. சரி, இந்தாங்க, வாசப்படியில ஒரு முனை, ஹாலைத் தாண்டி கிச்சன் சிங்க்குல மறு முனை.

பாம்பு இறுக்கி எலும்பை நொறுக்கும்ங்கறது சினிமா. 2015ல போவா பாம்பு எலியை இறுக்கறப்போ அளந்து பாத்தாங்க. சில விநாடியிலயே ரத்த அழுத்தம் பாதியா இறங்கிடுது, மூச்சு முட்டறதுக்கு முன்னாடியே. முழுங்கறப்போ பாம்போட தாடை கழண்டுக்கும்ங்கறதும் சும்மா. கீழ்த்தாடை ரெண்டு பாதி, நடுவுல இழுபடுற தசைநார், அவ்வளவுதான். மனுஷன்கிட்ட அதுக்கு இடிக்கறது நம்ம தோள்பட்டை அகலம்.

ஆங், முக்கியமானதை விட்டுட்டேன். பிலிப்பைன்ஸ் காட்டுல வேட்டையாடி வாழ்ந்த ஆக்டா மக்கள். அவங்கள்ல நாலு ஆம்பளைக்கு ஒருத்தரை மலைப்பாம்பு தாக்கியிருக்குன்னு 2011ல ஒரு ஆய்வு வந்துச்சு. 1934லேர்ந்து 1973க்குள்ள ஆறு பேர் செத்திருக்காங்க. அவங்களும் சும்மா விடல, பாம்பைப் புடிச்சு சாப்பிட்டிருக்காங்க!

ஆனா இதை வீட்டுல வளர்க்கறாங்க பாருங்க, அதுதான் எனக்கு சுத்தமா ஆகாது. 2013ல கனடாவுல கூண்டுலேர்ந்து தப்பிச்ச ஆப்பிரிக்க மலைப்பாம்பு, தூங்கிட்டிருந்த ரெண்டு பசங்களைக் கொன்னுடுச்சு. காட்டுப் பாம்புகிட்ட கோபப்பட ஒண்ணுமில்ல, வளர்க்கறவங்ககிட்டதான்.

அடுத்த வீடியோ, நம்ம இருளர் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017ல ஃப்ளோரிடா போய் மலைப்பாம்பு புடிச்ச கதை. பாத்துருங்க, பை!